குறுக்குத் தொகுப்பியும் கருநிரலின் தலைப்புக் கோப்புகளும்

கோலா குபு பாருவைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த மூத்தோர், தோட்டத்து ஆபீசின் சன்னலை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். தொழிலாளி ஆபீசினுள் நுழைந்து செக்ரோல் புத்தகத்தைப் புரட்டுவதில்லை. சன்னலண்டை நின்று தமக்கு வேண்டியதைக் கேட்பார். கிராணியார் உள்ளே பார்த்துச் செய்து கொடுப்பார். துரைமார் மாறினர், கம்பெனிகள் கைமாறின, ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நின்றது. உள்ளே கணக்கு வைக்கும் முறையும் மாறியது. ஆயினும் சன்னலில் கேட்கும் முறை மாறாதிருந்தவரை தொழிலாளியின் காரியம் தடையின்றி நடந்தது.

கணிப்பொறிக்குள்ளும் இத்தகைய சன்னல் ஒன்று உண்டு. அதில் எதனை, எவ்வாறு கேட்க வேண்டும் என்று எழுதி வைத்துள்ள ஏடுகளே தலைப்புக் கோப்புகள். ஒரு கணிப்பொறியில் அமர்ந்துகொண்டு வேறொரு கணிப்பொறிக்கு நிரல் ஆக்குவோர், இவ்வேடுகளில் எந்தப் பதிப்பைக் கைக்கொள்வது என்னும் இடத்தில் அடிக்கடி இடறுகின்றனர். புதியதே சிறந்தது என்பார் ஒருசாரார். பழையதே பாதுகாப்பானது என்பார் மற்றொரு சாரார். இரண்டிலும் பாதி உண்மை உண்டு. முழு உண்மை யாது என்பதை ஆராய்வோம்.

கருநிரல் என்பது யாது?

கணிப்பொறியின் நினைவகம், சேமிப்பு வட்டு, கடிகாரம், பிணையத் தொடர்பு ஆகிய யாவற்றையும் நேரே ஆளும் உரிமை ஒரே ஒரு நிரலுக்குத்தான் உண்டு. அதனை ஆங்கிலத்தில் கெர்னல் என்பர். தமிழில் கருநிரல் எனலாம். 1991-ஆம் ஆண்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் இன்று உலகெங்கும் பரவியுள்ள கருநிரலாகும். மற்ற நிரல்கள் தமக்கு வேண்டியதைக் கருநிரலிடம் கேட்டுப் பெற வேண்டும். இவ்வாறு கேட்பதற்கு அமைப்பு அழைப்பு என்று பெயர். ஒவ்வோர் அழைப்புக்கும் ஓர் எண் உண்டு. கோப்பைப் படிக்க ஓர் எண், எழுத ஓர் எண், நேரம் அறிய ஓர் எண் என இப்படியே நூற்றுக்கணக்கில் உள்ளன. எந்தப் பணிக்கு எந்த எண், அதனுடன் எவ்விவரங்களை எந்த வரிசையில் தர வேண்டும் என்பவற்றையெல்லாம் தலைப்புக் கோப்புகள் கூறும்.

ஆற்றங்கரையில் ஒரு பெட்டி

எடுத்துக்காட்டு ஒன்றைக் கொள்வோம். செலாங்கூர் ஆற்றின் மேற்புறத்தில் அமைந்தது கோலா குபு பாரு. 1883-ஆம் ஆண்டு அணை உடைந்து பழைய கோலா குபுவை வெள்ளம் அழித்தது. அந்நிகழ்ச்சியை இன்றும் நினைவூட்டுவது அம்பாங் பெச்சா என்னும் ஊர்ப்பெயர்; உடைந்த அணை என்பது அதன் பொருள். பிற்காலத்தில் வெள்ளமும் ஈயச் சுரங்கங்களின் வண்டலும் தொடர்ந்து வருத்தவே, நகரம் மேட்டு நிலத்திற்குப் பெயர்ந்தது. பெயரின் இறுதியிலுள்ள பாரு, 'புதிய' என்று பொருள்படும் மலாய்ச் சொல்.

இவ்வூர்த் தமிழ்ப் பள்ளி ஒன்றின் அறிவியல் கழகத்தார், ஆற்றின் நீர்மட்டத்தைக் குறித்து வைக்கும் சிறு பெட்டி ஒன்றை அமைக்க விரும்புவதாக வைத்துக்கொள்வோம். பெட்டியினுள் கையகல அளவுள்ள மலிவான கணிப்பொறி இருக்கும். அதன் மூளை எனத்தகும் செயலி ஆர்ம் வகையைச் சேர்ந்ததாகவோ ரிஸ்க்-ஃபைவ் வகையைச் சேர்ந்ததாகவோ இருக்கலாம். ஆசிரியரின் மேசைமேல் இருப்பதோ இன்டெல் வகைக் கணிப்பொறி. ஆசிரியர் எழுதும் நிரலைச் செயலிக்குரிய கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர் எனப்படும் தொகுப்பியின் தொழில். அத்தொழிலைச் செய்ய அச்சிறு பெட்டிக்கு நினைவகமும் வேகமும் போதா. ஆதலின் மேசைக் கணிப்பொறியில் ஓடி, பெட்டிக்குரிய கட்டளைகளை ஆக்கித் தரும் தொகுப்பி ஒன்று வேண்டும். இதுவே குறுக்குத் தொகுப்பி.

தொகுப்பி மட்டும் இருந்தால் போதாது. கட்டளைகளைக் கோத்து இணைக்கும் கருவிகள், சி நூலகம், கருநிரலின் தலைப்புக் கோப்புகள் ஆகியவையும் உடன் வேண்டும். இவை யாவும் சேர்ந்ததே கருவித் தொடர். நிரலுக்கும் கருநிரலுக்கும் இடையே நின்று அழைப்புகளை விடுப்பது பெரும்பாலும் சி நூலகமே. அந்நூலகம் உருவாகும்போது தலைப்புக் கோப்புகளைப் பார்த்தே தன்னை அமைத்துக்கொள்கிறது. ஆதலால் நூலகத்தைக் கட்டுவதற்கு முன்பே எந்த ஏடு என்பது முடிவாகிவிட வேண்டும்.

அண்டை வீட்டு ஏடு உதவாது

மேசைக் கணிப்பொறியிலேயே தலைப்புக் கோப்புகள் இருக்கின்றனவே, அவற்றையே பயன்படுத்தினால் என்ன என்று தோன்றலாம். இங்கேதான் முதல் இடறல் நேர்கிறது. அழைப்பு எண்கள் செயலிக்குச் செயலி வேறுபடும். 64 பிட் இன்டெல் வகையில் படித்தலுக்கு எண் 0, எழுதுதலுக்கு எண் 1. 32 பிட் ஆர்ம் வகையில் அவை 3, 4. ரிஸ்க்-ஃபைவ் வகையில் அவை 63, 64. இன்டெல் வகையில் 63 என்றால் படி என்பது பொருளன்று. கணிப்பொறியின் பெயரையும் கருநிரலின் பதிப்பையும் சொல் என்பதே பொருள்.

எண் மட்டுமன்று, சில அழைப்புகளே சில செயலிகளில் இல்லை. கோப்பைத் திறப்பதற்கென இன்டெல் வகையில் உள்ள 'ஓப்பன்' என்னும் பழைய அழைப்பு ரிஸ்க்-ஃபைவில் கிடையாது. 'ஓப்பன்அட்' என்னும் பின்வந்த அழைப்பே உண்டு. அதன் எண் 56. ஆகவே தலைப்புக் கோப்புகள் இலக்குக் கணிப்பொறியின் செயலிக்கு உரியனவாகவே இருத்தல் வேண்டும். இதில் விலக்கு இல்லை.

இவற்றை எடுக்கும் வழி எளிது. லினக்ஸ் மூலத்தைக் கொணர்ந்து, 'ஆர்க்' என்னும் இடத்தில் இலக்குச் செயலியின் பெயரைக் கொடுத்து, 'ஹெட்டர்ஸ் இன்ஸ்டால்' என்னும் கட்டளையை இட்டால், வெளியார்க்குரிய ஏடுகள் மட்டும் தனியே பிரிந்து வரும். இதற்கு இலக்குச் செயலிக்கான தொகுப்பி முன்னரே இருக்க வேண்டுவதில்லை. 'ஆர்க்' என்பதைக் குறிப்பிட மறந்தால், கட்டளை எந்தக் கணிப்பொறியில் ஓடுகிறதோ அதன் செயலியையே இலக்காகக் கொள்ளும். பிழைச்செய்தி ஏதும் தோன்றாது. மேசைக்குரிய ஏடு பெட்டிக்குரிய இடத்தில் அமர்ந்துவிடும்.

உள் ஏடும் வெளி ஏடும்

வெளியார்க்குரிய ஏடுகள் என மேலே கூறியது ஏன் என்பதையும் அறிதல் நலம். கருநிரலின் மூலத்தில் இருவகைத் தலைப்புக் கோப்புகள் உள்ளன. ஒன்று கருநிரலின் உள் வேலைக்கானது. தோட்டத்து ஆபீசின் செக்ரோல் புத்தகம் போன்றது. மற்றொன்று வெளி நிரல்களுக்கானது; சன்னலருகே தொங்கும் அறிவிப்புப் பலகை போன்றது. உள் ஏடுகள் முன்னறிவிப்பின்றி மாறும். வெளி ஏடுகளில் ஒருமுறை இடம்பெற்றதை மாற்றுவதில்லை என்பது லினக்ஸ் ஆக்குநர்களின் உறுதியான கொள்கை.

தொடக்கக் காலத்தில் இவ்விரண்டும் கலந்தே கிடந்தன. பலர் கருநிரலின் மூல ஏடுகளை அப்படியே நிரல்களுக்குக் காட்டும் வகையில் இணைப்புப் போட்டு வைத்திருந்தனர். அவ்வழக்கம் தவறு என்றும், நூலகம் எந்த ஏடுகளைக் கொண்டு கட்டப்பட்டதோ அவையே அங்கு இருக்க வேண்டும் என்றும் டோர்வால்ட்ஸ் 2000-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். 2006-இல் வந்த 2.6.18 பதிப்பில்தான், மேலே கூறிய பிரித்தெடுக்கும் கட்டளை சேர்ந்தது. 2012 டிசம்பரில் வெளிவந்த 3.7 பதிப்பில், டேவிட் ஹவல்ஸ் என்பவரின் முயற்சியால் வெளி ஏடுகள் தனி அடைவுகளில் வைக்கப்பட்டன. ஆதலின் இன்று மூலத்திலிருந்து கோப்புகளைக் கையால் படியெடுப்பது வேண்டாத வேலை; தவறும்கூட.

இதிலிருந்து ஒரு பயனுள்ள முடிவும் பெறப்படுகிறது. ஓடும் கருநிரலைப் புதுப்பித்தால் தலைப்புக் கோப்புகளையும் உடனே புதுப்பிக்க வேண்டும் என்பதில்லை. கருநிரல் இன்றைக்குள்ளதாகவும் ஏடு சில ஆண்டுகள் பழையதாகவும் இருப்பது குற்றமன்று.

பழையதா, புதியதா?

இனி நடுவான வினாவுக்கு வருவோம். கருநிரல் தான் முன்பு ஒப்புக்கொண்ட அழைப்புகளைக் கைவிடுவதில்லை. புதியவற்றைச் சேர்த்துக்கொண்டே போகிறது. எனவே பழைய ஏட்டைப் பார்த்து ஆக்கிய நிரல் புதிய கருநிரலிலும் ஓடும். புதிய ஏட்டைப் பார்த்து ஆக்கிய நிரல் பழைய கருநிரலில் ஓடும் என்பதற்கு உறுதி இல்லை. முன்னோர் வழங்கிய சொல்லை இன்றையோர் அறிவர். இன்று பிறந்த சொல்லை முன்னோர் எவ்வாறு அறிந்திருக்க முடியும்?

சான்று ஒன்று காண்போம். எவரும் முன்கூட்டிக் கணிக்க முடியாத எண்களைப் பெறுவதற்கான 'கெட்ராண்டம்' என்னும் அழைப்பு, 2014 அக்டோபரில் வந்த 3.17 பதிப்பில் பிறந்தது. 4.4 பதிப்பின் ஏட்டைக் கொண்டு ஆக்கிய நிரலை 3.10 பதிப்புக் கருநிரல் உள்ள பெட்டியில் ஏற்றினால் என்ன ஆகும்? நிரல் தொடங்கும், ஓடும். 'கெட்ராண்டம்' அழைப்பை விடுக்கும் கணத்தில், அப்படி ஒரு பணி இல்லை எனக் கருநிரல் மறுமொழி தரும். ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ், இன்டெல் வகைகளில் அம்மறுமொழியின் எண் 38. நன்கு எழுதிய நிரல் அதனைப் பார்த்து மாற்றுவழி தேடும். கவனமின்றி எழுதிய நிரல் நின்றுவிடும். அல்லது பொய்யான விடையை மெய்யெனக் கொண்டு போகும். நீர்மட்டப் பெட்டிக்கு இது நேர்ந்தால், பகலில் மேசைமேல் சரியாக ஓடிய கருவி, ஆறு ஏறும் இரவில் ஏமாற்றிவிடும். தொகுப்பி வேலை செய்தபோது எந்தப் பிழையும் காட்டியிராது என்பதே இதன் கொடுமை.

ஆகையால் பொது விதி இது: பெட்டியில் ஓடப்போகும் கருநிரலைவிட ஏடு புதியதாக இருத்தலாகாது. கருநிரலையும் நிரல்களையும் ஒருவரே சேர்த்து ஆக்குவதாயின் இரண்டிற்கும் ஒரே பதிப்பைக் கொள்ளலாம். பல பெட்டிகளுக்கு ஒரே கருவித் தொடர் என்றால், அப்பெட்டிகளில் எதன் கருநிரல் மிகப் பழையதோ அதனை அளவாகக் கொள்ள வேண்டும்.

நூலகத்தின் அடிமட்டம்

இவ்விதிக்கு மாறுபடுவது போல் தோன்றும் செய்தி ஒன்று உண்டு. லினக்ஸில் பெருவழக்காயுள்ள ஜி-லிப்-சி நூலகத்தைக் கட்டுவோர் புதிய ஏடுகளையே விரும்புவர். இது முரண் அன்று. அந்நூலகத்துக்கு இரண்டு எண்களைச் சொல்ல வேண்டும். முதலாவது ஏட்டின் பதிப்பு: எந்தெந்த அழைப்புகளை நூலகம் அறிந்துகொள்ளலாம் என்பதற்கு அது எல்லை. இரண்டாவது, 'எனேபிள்-கெர்னல்' என்னும் இடத்தில் தரும் பதிப்பு: எவ்வளவு பழைய கருநிரல் வரையில் நூலகம் ஓட வேண்டும் என்பதற்கு அது எல்லை. ஏடு புதியதாகவும் அடிமட்டம் பழையதாகவும் இருந்தால், நூலகம் புதிய அழைப்பை முதலில் முயன்று, இல்லை என்ற மறுமொழி வந்தால் பழைய வழியில் செல்லும் ஏற்பாட்டைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். அறிந்திருப்பது வேறு, கட்டாயமாகக் கேட்பது வேறு என்பதை நினைவிற் கொண்டால் குழப்பம் தீரும்.

அடிமட்டத்தை விரும்பிய அளவுக்குத் தாழ்த்தவும் முடியாது. 2017-இல் வந்த ஜி-லிப்-சி 2.26 முதல், 3.2 பதிப்புக்கு முந்திய கருநிரல்களை அந்நூலகம் ஏற்பதில்லை. ஜி-லிப்-சியின் முந்தைய பதிப்புகளில், அடிமட்டத்துக்குக் கீழான கருநிரலில் நிரலை ஓட்டினால், கருநிரல் மிகப் பழையது என்னும் செய்தியோடு நிரல் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. அதுவாவது வெளிப்படையான தோல்வியாயிருந்தது; கண்டு திருத்த முடிந்தது.

இன்னொரு பிழைச்செய்தியை இதனுடன் மயங்குவோர் உளர். ஜி-லிப்-சியின் இன்ன பதிப்பு கிடைக்கவில்லை என்று வரும் செய்தி தலைப்புக் கோப்புகளைப் பற்றியதன்று. மேசையிலுள்ள நூலகம் பெட்டியிலுள்ள நூலகத்தைவிடப் புதியது என்பதே அதன் பொருள். ஏட்டை மாற்றினால் அது தீராது.

ஏட்டிலேயே பதிப்பெண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். அதனைப் பார்த்துப் பெட்டியின் கருநிரல் இன்னது என்று முடிவு செய்யும் நிரல்களும் உண்டு. அதுவும் பிழையே. அவ்வெண் தொகுத்த நாளில் இருந்த ஏட்டின் வயதைக் கூறுமேயன்றி, ஓடும் கருநிரலின் வயதைக் கூறாது.

சக்தி காட்டும் பாடம்

இவை யாவும் தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு முயற்சியால் நன்கு விளங்கும். சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2014-இல் தொடங்கிய சக்தி என்னும் திட்டம், ரிஸ்க்-ஃபைவ் வகையிலே செயலிகளை வடிவமைத்தது. ரிஸ்க்-ஃபைவ் என்பது கலிபோர்னியாவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் 2010-இல் தோன்றிய, யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்க கட்டளை முறை. இம்முறையை ஜி.சி.சி. தொகுப்பி 2017-இல் ஏற்றது. 2018 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 4.15 ஏற்றது. அடுத்த மாதமே ஜி-லிப்-சி 2.27 ஏற்றது. அவ்வாண்டின் நடுவில், இன்டெல் நிறுவனத்தின் அமெரிக்க ஆலையில் வார்க்கப்பெற்ற சக்திச் சில்லில் லினக்ஸ் ஓடிற்று. சண்டிகரிலுள்ள ஆலையிலும் அதே ஆண்டில் ஒரு சில்லு வார்க்கப்பெற்றது.

இச்செயலிக்குக் கருவித் தொடர் அமைப்பவர், இருப்பதிலேயே பழைய ஏடு எதுவோ அதுவே பாதுகாப்பு என்று 3.2 பதிப்பைத் தேடிச் சென்றால் யாதும் கிட்டாது. 4.15க்கு முந்திய லினக்ஸ் ரிஸ்க்-ஃபைவை அறியவே அறியாது. 64 பிட் ரிஸ்க்-ஃபைவுக்கு நூலகத்தின் அடிமட்டமும் 4.15 தான். பிறந்த நாளுக்கு முந்திய சாதகம் எழுத முடியுமா?

சக்தி மற்றொன்றையும் கற்பிக்கிறது. அதன் குடும்பத்தில் சிறிய செயலிகளும் உண்டு. அவை லினக்ஸ் போன்ற இயங்குதளத்தைத் தாங்குவன அல்ல. அவற்றுக்கான நிரல் வன்பொருளின் மேல் நேரே ஓடும், அல்லது மிகச் சிறிய இயங்குதளத்தின் மேல் ஓடும். அவற்றுக்கு லினக்ஸின் தலைப்புக் கோப்புகளே வேண்டா. சன்னல் இல்லாத இடத்தில் சன்னலின் அறிவிப்புப் பலகை எதற்கு? குறுக்குத் தொகுப்பியின் நீண்ட பெயரில் 'லினக்ஸ்' என்னும் சொல் இருக்கிறதா, 'எல்ஃப்' என்று மட்டும் முடிகிறதா என்று பார்த்தே இவ்வேறுபாட்டை அறியலாம்.

மிகப் பழையதன் ஆபத்து

புதியதன் ஆபத்தைக் கண்டோம். மிகப் பழையதற்கும் ஆபத்து உண்டு. 32 பிட் கணிப்பொறிகளில் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளாக 32 பிட் எண்ணில் வைப்பது பழைய வழக்கம். அவ்வெண் 2038 ஜனவரி 19-ஆம் நாள் நிரம்பிவிடும். மலேசிய நேரப்படி அது முற்பகல் 11 மணி 14 நிமிடம் 7 நொடி. அடுத்த நொடியில் அக்கணிப்பொறிகளுக்கு ஆண்டு 1901 ஆகிவிடும். இதனைத் தவிர்க்க, 2019-இல் வந்த லினக்ஸ் 5.1 பதிப்பில் 64 பிட் நேரத்துக்கான புதிய அழைப்புகள் 32 பிட் செயலிகளுக்கும் சேர்க்கப்பட்டன. 2021-இல் வந்த ஜி-லிப்-சி 2.34 அவற்றை நிரலாசிரியர் தெரிந்தெடுக்க வழி செய்தது. 5.1க்கு முந்திய ஏடுகளில் இவ்வழைப்புகளின் எண்களே இரா.

ஆற்றங்கரைப் பெட்டியை ஒருமுறை பொருத்தினால் ஆண்டுக்கணக்கில் அது அங்கேயே கிடக்கும். பாதுகாப்பு என்று எண்ணி 4.4 பதிப்பின் ஏட்டைக் கொண்டு அமைத்த 32 பிட் பெட்டி, அந்த முற்பகலில் வெள்ளக் குறிப்புகளுக்கு 1901 எனத் தேதியிடும். எனவே நெடுநாள் உழைக்கவேண்டிய 32 பிட் கருவியில் கருநிரலும் ஏடும் 5.1க்குக் குறையாதிருத்தல் வேண்டும். நூலகமும் நிரலும் 64 பிட் நேரத்தைக் கொள்ளுமாறு ஆக்கப்படுதலும் வேண்டும்.

கேட்கவேண்டிய வினாக்கள்

இதுகாறும் கூறியவற்றை நான்கு வினாக்களில் அடக்கலாம். இலக்குக் கணிப்பொறியில் லினக்ஸ் உண்டா? இல்லையேல் இவ்வாராய்ச்சியே வேண்டா. உண்டெனில், அதன் செயலி எவ்வகை? ஏடு அவ்வகைக்கே உரியதாக வேண்டும். நிரல் சந்திக்கப்போகும் மிகப் பழைய கருநிரல் எது? ஏட்டின் மேல் எல்லை அது. நிரலுக்கு இன்றியமையாத அழைப்புகள் எப்பதிப்பில் பிறந்தன? ஏட்டின் கீழ் எல்லை அது. இவ்விரு எல்லைகளுக்கும் இடையில் நெடுநாள் பராமரிக்கப்படும் பதிப்பு ஒன்றைத் தேர்ந்தால் போதும். கீழ் எல்லை மேல் எல்லையைத் தாண்டிவிட்டதாயின், ஏட்டை மாற்றிப் பயனில்லை. பெட்டியின் கருநிரலையே புதுப்பிக்க வேண்டும். சில்லு ஆக்கியோர் தம் கருநிரலில் தனி அழைப்புகளைச் சேர்த்திருந்தால், ஏட்டையும் அவர்கள் தரும் மூலத்திலிருந்தே எடுக்க வேண்டும்.

பள்ளியில் இதனைக் கற்பிக்கும் ஆசிரியர், மாணவரை முதலில் பெட்டியண்டை அழைத்துச் சென்று, அதில் ஓடும் கருநிரலின் பதிப்பைப் படித்துக் குறிக்கச் செய்வது நல்லது. 'யூநேம்' என்னும் கட்டளை அதனை ஒரு வரியில் சொல்லிவிடும். அந்த ஒரு வரியைத் தாளில் எழுதிக்கொண்டு திரும்பிய பிறகே மேசைக் கணிப்பொறியின் முன் அமர வேண்டும். தொகுப்பது மேசையில் என்றாலும், வாழப்போவது ஆற்றங்கரையில் அல்லவா?